மிடில்டவுனில் மிருதங்கம்: வெஸ்லியன் பல்கலைக்கழக இசைத் துறை உருவான விதம்

[காட்சி: அமெரிக்க வரைபடம். நியூயார்க்குக்கும் பாஸ்டனுக்கும் நடுவே ஒரு புள்ளி.]

கனெக்டிகட் மாநிலத்தில் மிடில்டவுன் என்று ஒரு சிறிய ஊர். 1831-ல் தொடங்கிய வெஸ்லியன் பல்கலைக்கழகம் இருப்பது அங்கேதான். ஆண்டுதோறும் அங்கே நவராத்திரி விழா நடக்கிறது. கச்சேரி உண்டு, நாட்டியம் உண்டு. சரஸ்வதி பூஜைக்கு மாணவர்கள் தங்கள் வாத்தியங்களையும் புத்தகங்களையும் கொண்டுவந்து வைப்பார்கள். இந்த வழக்கம் அங்கே வேரூன்றக் காரணம், அந்த இசைத் துறை 1960-களில் எடுத்த ஒரு முடிவு. இந்த வீடியோவில் அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

[காட்சி: பழைய ஒலிப்பதிவுக் கருவி, சுழலும் நாடா.]

1947-ல் டேவிட் மெக்காலஸ்டர் வெஸ்லியனுக்கு வந்தார். மானிடவியல் படித்தவர், நவஹோ பழங்குடியினரின் இசையை ஆராய்ந்தவர். உலகின் பல பண்பாடுகளின் இசையை ஆராயும் துறைக்கு இன இசையியல் என்று பெயர். 1955-ல் இன இசையியல் சங்கத்தைத் தொடங்கிய நால்வரில் இவர் ஒருவர். அந்தக் காலத்தில் பிற பண்பாடுகளின் இசையைப் படிப்பது என்றால் பெரும்பாலும் ஒலிப்பதிவைக் கேட்பது, அதைக் குறிப்பாக எழுதுவது, அலசுவது என்றுதான் பொருள். வாத்தியத்தைக் கையில் எடுக்க வேண்டும் என்று யாரும் வற்புறுத்தவில்லை.

லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த இன இசையியல் பேராசிரியர் மேன்டில் ஹூட் இதை மறுத்தார். ஆராய்பவருக்கு இரண்டு மொழி பேசுவதைப் போல இரண்டு இசைகளும் வாசிக்க வரவேண்டும் என்று 1960-ல் எழுதினார். அவருடைய மாணவர் ராபர்ட் பிரவுன். சென்னையில் தி. ரங்கநாதனிடம் மிருதங்கம் கற்றவர். 1965-ல் மிருதங்கத்தைப் பற்றியே முனைவர் பட்ட ஆய்வேட்டை முடித்தார். 1961-ல் பிரவுன் வெஸ்லியனில் சேர்ந்ததும் துறையின் போக்கு மாறியது.

[காட்சி: குடும்ப மரம். உச்சியில் வீணை தனம்மாள்.]

1962-ல் பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி அங்கே வந்து கற்பித்தார். 1963-ல் அவருடைய தம்பி ரங்கநாதன் துறையின் முதல் ‘ஆர்ட்டிஸ்ட் இன் ரெசிடென்ஸ்’, அதாவது அங்கேயே தங்கிக் கற்பிக்கும் கலைஞர், ஆனார். மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சீடர் அவர். இன்னொரு தம்பி புல்லாங்குழல் தி. விஸ்வநாதன், திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம் கற்றவர். சென்னைப் பல்கலைக்கழக இசைத் துறைக்குத் தலைமை வகித்துவிட்டுப் பிற்பாடு வெஸ்லியன் போனார். மூவருமே தனம்மாளின் பேரப்பிள்ளைகள்.

‘ஆர்ட்டிஸ்ட் இன் ரெசிடென்ஸ்’ என்ற அந்தப் பதவிப் பெயரைக் கவனியுங்கள். பல்கலைக்கழகம் பட்டத்தைப் பார்த்து ஆளை எடுக்கும் இடம். குருவின் வீட்டில் இருபது வருடம் கற்றவரின் தகுதியைக் காட்ட அங்கே ஒரு படிவமும் கிடையாது. அவரை உள்ளே கொண்டுவரத் திறந்த கதவு இந்தப் பதவி. அதில் ஒரு குறையும் உண்டு: பொதுவாக இத்தகைய பதவிகள் ஒப்பந்தத்தில் ஓடுபவை, பேராசிரியருக்குள்ள பணிப் பாதுகாப்பு இவற்றுக்குக் கிடைப்பது அரிது. விஸ்வநாதன் 1975-ல் ராக ஆலாபனை பற்றி வெஸ்லியனிலேயே முனைவர் பட்டமும் பெற்றார். வித்வானும் ஆய்வாளரும் ஒரே ஆளாக இருந்தது துறைக்குப் பெரிய பலம்.

[காட்சி: தாளம் போடும் கை. திரையில் 1 முதல் 8 வரை எண்கள்.]

சரி, வகுப்பில் என்ன நடக்கும்? மேற்கத்திய இசை படித்த மாணவருக்குக் கையில் உடனே மிருதங்கம் கொடுத்தால் விரலைப் பார்ப்பார், கணக்கை விட்டுவிடுவார். அதனால் முதலில் வாய். ஆதி தாளத்தில் ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டு-வீச்சு, தட்டு-வீச்சு, ஆக எட்டு. கை இதைப் போட, வாய் சொற்கட்டை, அதாவது தாளச் சொற்களை, சொல்ல வேண்டும், மூன்று காலத்திலும் (வேகத்திலும்). அது நிலைத்த பிறகுதான் ‘த தி தொம் நம்’ வாத்தியத்துக்குப் போகும். ரங்கநாதனின் மாணவர் டேவிட் நெல்சன் இந்த முறையை விளக்கி எழுதிய சொற்கட்டுக் கையேட்டை 2008-ல் வெஸ்லியன் பதிப்பகமே வெளியிட்டது.

வாய்ப்பாட்டில் சறுக்கும் இடம் வேறு. தோடி ராகத்தின் காந்தாரத்தை, அதாவது ‘க’ ஸ்வரத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். பியானோவில் அது ஒரு கட்டை. பாடும்போதோ அது ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே அசைந்துகொண்டே இருக்கும். எழுதிய ஸ்வரத்தை நேராகப் பிடித்துப் பாடினால் சுருதி சரியாக இருந்தும் தோடி வராது. எதிரே ஒருவர் பாடிக் காட்டி, மாணவர் திருப்பிப் பாடி, அவர் திருத்த வேண்டும். ஆளையே வரவழைத்துச் சம்பளம் கொடுத்து அமர்த்துவது என்று துறை 1960-களில் முடிவெடுத்தது இதற்காகத்தான்.

[காட்சி: பனி மூடிய வளாகம், ஜன்னலோரம் ஹீட்டர்.]

மிருதங்கமும் ஊர் மாறினால் படுத்தும். குளிர்காலத்தில் ஹீட்டர் காற்று வறண்டுபோகும். தோல் இறுகி வலந்தலையின் (வலப்பக்கத்தின்) சுருதி ஏறும், அதன் நடுவிலுள்ள கறுப்புப் பூச்சான கரணை வெடிக்கும், பலாக்கட்டைகூடப் பிளக்கலாம். வேனிலில் ஈரம் ஏறினால் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். ஹீட்டர் பக்கத்தில் வைக்கவே கூடாது. அறையில் ஈரப்பதம் காக்கும் கருவி வேண்டும். சுருதி சேர்க்கக் கல்லும் புள்ளும் (சிறு மரத்துண்டும்) எப்போதும் கையிலிருக்க வேண்டும்: விளிம்பை மேலிருந்து கட்டையை நோக்கித் தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து மேலாகத் தட்டினால் இறங்கும். தொப்பியில் (இடப்பக்கத்தில்) ஒட்டிய ரவையை வாசித்து முடித்ததும் வழித்துவிட வேண்டும்.

[காட்சி: ஜாவா கேமலான் வாத்தியக் குழு.]

கர்நாடக இசையோடு துறை நிற்கவில்லை. 1964–65 நியூயார்க் உலகக் கண்காட்சிக்கு வந்திருந்த ஜாவா கேமலான் வாத்தியத் தொகுதி வெஸ்லியனுக்கு வந்து சேர்ந்தது. கேமலான் என்பது பலர் சேர்ந்து தட்டி வாசிக்கும் உலோக வாத்தியங்களின் குழு. 1972 முதல் ஜாவா இசைக் கலைஞர் சுமர்சாம் அங்கே கற்பித்தார். ஒரு துறைக்குக் கேமலான் தரும் வசதி பெரிது: எளிய பகுதிகளைப் புதியவர்களும் முதல் நாளே வாசிக்கலாம், ஓர் ஆசிரியர் இருபது பேரை ஒன்றாக உட்கார வைக்கலாம். வாய்ப்பாட்டில் மூன்று பேருக்கு மேல் போனால் திருத்தம் நடக்காது. உலக இசை கற்பிக்க நினைக்கும் எந்தத் துறையும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

[காட்சி: ஜான் ஹிக்கின்ஸின் படம்.]

இந்த முறையின் பலனுக்கு ஜான் ஹிக்கின்ஸ் ஒருவரே போதும். வெஸ்லியனில் 1962-ல் இளங்கலை முடித்தவர், சென்னைக்கு வந்து விஸ்வநாதனிடம் கற்று, நம் ரசிகர்களுக்கு ‘ஹிக்கின்ஸ் பாகவதர்’ ஆனார். 1971-ல் மிருதங்க வித்வான் திருச்சி சங்கரனோடு சேர்ந்து டொரன்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் இந்திய இசைப் படிப்பைத் தொடங்கினார். 1978-ல் வெஸ்லியனுக்கே திரும்பினார். 1984-ல் சாலையில் வண்டி மோதி இறந்தபோது வயது 45.

1987-ல் ரங்கநாதனும் 2002-ல் விஸ்வநாதனும் மறைந்தார்கள். மிருதங்க வகுப்பை நெல்சன் எடுத்துக்கொண்டார். விஸ்வநாதன் உட்கார்ந்த இடத்தில் அவரிடமே கற்ற பி. பாலசுப்பிரமணியன் உட்கார்ந்து பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்.