களிம்பு டப்பாவுக்குள் இருப்பது யார்?

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசித் தோலின் அமைப்பைப் பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும்படி எடுத்துச் சொன்ன தோல் மருத்துவப் பேராசிரியர் அம்மா அவர்களே, இந்தக் கூட்டம் நடந்தே ஆக வேண்டும் என்று விடாப்பிடியாக நின்ற செயலாளர் அவர்களே, மருந்தாளுநர் நண்பர்களே, பணி முடிந்ததும் சீருடையோடு நேரே வந்திருக்கும் செவிலியர் சகோதரிகளே, குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

பேராசிரியர் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் பேச்சைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. அரிப்பு என்று வருகிறவரிடம் தோலைப் பார்ப்பதற்கு முன்பே, "ராத்திரி தூங்கினீர்களா?" என்று கேட்பவர் அவர். கரப்பான், அதாவது எக்ஸிமா என்ற அரிப்புத் தோல்நோய், வந்த குழந்தை விடிய விடியச் சொறியும். அம்மாவும் தூங்க மாட்டார், அப்பாவும் தூங்க மாட்டார். அந்தத் தூக்கமின்மையும் நோயின் ஒரு பகுதிதான் என்று நோயாளிக் குறிப்பில் எழுதுகிற மருத்துவர்கள் பெருக வேண்டும். அவரை இந்த மேடைக்கு அழைத்து வந்த தலைவருக்கும் என் நன்றி.

பாக்டீரியாவிலிருந்து எடுக்கும் சாறு கரப்பானுக்கு மருந்தாகுமா என்பதுதான் எனக்குத் தந்த தலைப்பு. மூன்று செய்திகளைச் சொல்ல நினைத்திருக்கிறேன். ஒன்று, பாக்டீரியா தோலுக்கு என்ன செய்கிறது. இரண்டு, சாறாகவும் உயிரோடும் அதைப் பூசிப் பார்த்ததில் என்ன கிடைத்தது. மூன்று, மாத்திரையாக விழுங்கும் பாக்டீரியா சாறு. இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு பழமொழி. என் பேச்சை ஏற்கெனவே கேட்டவர்களுக்கு அது பழக்கமானதுதான்: வெளுத்ததெல்லாம் பாலல்ல. களிம்புகளும் பெரும்பாலும் வெள்ளையாகத்தான் இருக்கின்றன என்பதை நினைவில் வையுங்கள்.

கரப்பான் உள்ள தோலில் ஸ்டேஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா மண்டிக் கிடக்கும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நோயாளிகளில் ஏறக்குறைய 70 சதவீதம் பேரின் புண்பட்ட தோலில் அது இருந்தது. அது வெறுமனே உட்கார்ந்திருப்பதில்லை. அது சுரக்கும் ஒரு நொதி நேராகத் தோலின் நரம்பைத் தூண்டி அரிப்பை உண்டாக்குகிறது என்று 2023இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள். "சொறியாதே, சொறியாதே" என்று குழந்தையின் கையைத் தட்டிவிடுகிறோமே, பாவம், அதன் நரம்பை ஒரு கிருமி பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது! இனி யாரும் அந்தக் கையைத் தட்டாதீர்கள்.

சில பேருக்குப் பிறவியிலேயே ஃபிலாக்ரின் என்ற புரதம் குறைவு. அதற்கான மரபணு மாற்றத்துக்கும் கரப்பானுக்கும் உள்ள தொடர்பு 2006இல் வெளியானது. அந்தத் தோல் ஈரத்தைப் பிடித்து வைக்காது, வெளியிலிருந்து வருவதையும் தடுக்காது. இதைப் பேராசிரியர் அம்மா விரிவாகச் சொல்லிவிட்டார், நான் கடந்து போகிறேன்.

சரி, கெடுதல் செய்யும் பாக்டீரியா இருந்தால் நல்லது செய்வதும் இருக்க வேண்டும் அல்லவா? இங்கே ஒரு கதை சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான், ஆனால் நம் தலைப்பின் நடுவீட்டுக்கே கொண்டு போய்ச் சேர்க்கும்.

1862 ஏப்ரல் மாதம். அமெரிக்க உள்நாட்டுப் போர். டென்னசி மாநிலத்தில் ஷைலோ என்ற இடத்தில் இரண்டு நாள் சண்டை. இரு தரப்பிலும் சேர்த்து 23,000 பேருக்கு மேல் மாண்டும் காயம்பட்டும் பிடிபட்டும் காணாமலும் போனார்கள். அத்தனை காயக்காரர்களைப் பார்க்க மருத்துவர்கள் ஏது? மழை, சேறு, குளிர். பலர் அந்தச் சேற்றிலேயே கிடந்தார்கள். இருட்டியதும் சிலரின் காயங்கள் மங்கலாக ஒளிவிட்டனவாம்! நீலமும் பச்சையும் கலந்த ஒளி. அப்படி ஒளிர்ந்த காயக்காரர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பிழைத்தார்கள் என்றும், அதற்கு 'தேவதை ஒளி' என்று பெயர் வந்தது என்றும் ஒரு செவிவழிக் கதை அங்கே உண்டு.

2001இல் இரண்டு பள்ளி மாணவர்கள் இந்தக் கதையைக் கையில் எடுத்தார்கள். ஒருவனின் அம்மா நுண்ணுயிரியல் ஆய்வாளர், அதுவும் ஒளிரும் பாக்டீரியாவை ஆராய்பவர். பையன் அம்மாவிடம் கேட்கிறான்: "அம்மா, உங்கள் பாக்டீரியாதான் அந்தக் காயத்தில் ஒளிர்ந்திருக்குமோ?" அந்த அம்மா என்ன சொல்லியிருக்கலாம்? "போய்ப் பாடத்தைப் படி" என்று விரட்டியிருக்கலாம். விரட்டவில்லை. நீயே சோதித்துப் பார் என்று விட்டுவிட்டார். இங்கே இருக்கிற பெற்றோர்களே, அந்த அம்மாவுக்காக ஒரு தடவை கைதட்டுங்கள்!

அந்த பாக்டீரியாவின் பெயர் போட்டோராப்டஸ் லூமினசென்ஸ். மண்ணில் வாழும் நூல் போன்ற ஒரு சின்னப் புழுவின் குடலில் குடியிருப்பது. புழு ஒரு பூச்சியின் உடலுக்குள் நுழைந்து இந்த பாக்டீரியாவைக் கக்கும். பாக்டீரியா பூச்சியைக் கொல்லும், அதன்பின் வேறு எந்தக் கிருமியும் அந்த உடலில் பங்குக்கு வராதபடி பல வேதிப்பொருள்களைச் சுரக்கும். செத்த பூச்சி இருட்டில் ஒளிரும். மனித உடலின் வழக்கமான சூட்டில் இது பிழைக்காது. ஆனால் ஏப்ரல் குளிரில் நனைந்து கிடந்த வீரர்களின் உடல் சில்லிட்டுப் போயிருக்கும். அந்தக் குளிர்ந்த காயத்தில் இது வளர்ந்து கெட்ட கிருமிகளை ஒடுக்கியிருக்கலாம் என்று பையன்கள் விளக்கினார்கள். பன்னாட்டு மாணவர் அறிவியல் போட்டியில் பரிசும் வாங்கினார்கள்.

அதே பாக்டீரியா சுரக்கும் பொருள்களில் ஒன்றை கனடா ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தார்கள். இன்று அதற்கு டாபினரோஃப் என்று பெயர். இப்போது புழுவும் வேண்டாம், பூச்சியும் வேண்டாம், ஆலையில் வேதிமுறையில் செய்துவிடுகிறார்கள். ஸ்டீராய்டு கலவாத, 1 சதவீதக் களிம்பு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022 மே மாதம் சொரியாசிஸுக்கும், 2024 டிசம்பரில் இரண்டு வயது முதலானவர்களின் கரப்பானுக்கும் அனுமதி கொடுத்தது. கரப்பானுக்காக நடந்த இரண்டு பெரிய சோதனைகளிலும் சேர்த்து 813 பேர். எட்டு வாரத்தில், மருந்து பூசியவர்களில் 45 சதவீதத்துக்கும் சற்று மேலானவர்கள் கிட்டத்தட்டத் தெளிந்த தோலோடு நின்றார்கள். மருந்தில்லாத வெறும் களிம்பு பூசியவர்களில் அப்படித் தேறியவர்கள் ஒரு சோதனையில் 14 சதவீதம், இன்னொன்றில் 18 சதவீதம். மயிர்க்கால் வீக்கம், தலைவலி போன்ற பக்கவிளைவுகள் உண்டு, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நோயாளிக்குக் காட்ட வேண்டிய கணக்கு இப்படித்தான் இருக்க வேண்டும். எத்தனை பேர், எத்தனை வாரம், எதோடு ஒப்பிட்டார்கள் என்பதெல்லாம் வெளிப்படையாக இருக்கிறது.

அப்புறம் சாறு. விட்ரியோசில்லா ஃபிலிஃபார்மிஸ் என்று ஒரு பாக்டீரியா. நோய் தராதது, ஊற்று நீரில் வாழ்வது. அதை வளர்த்து, உடைத்து, சாறாக்கி, 5 சதவீதம் கலந்த களிம்பை 75 பேருக்கு 30 நாள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. நோயின் கடுமையும் அரிப்பும் குறைந்தன. உயிரில்லாத சாறு எப்படி வேலை செய்கிறது? நம் தோலில் காவல் நிற்கும் செல்கள் அந்தச் சாற்றின் துண்டுகளை அடையாளம் கண்டு, இன்டர்லியூக்கின்-10 என்ற அமைதிப்படுத்தும் பொருளைச் சுரக்கின்றன என்று பின்னால் வந்த ஆய்வு சொன்னது. ஆய்வை நடத்தியவர்களில் சிலர் அந்தச் சாற்றைப் பயன்படுத்தும் அழகுப்பொருள் நிறுவனத்தின் ஊழியர்கள். அதனாலேயே ஆய்வு பொய் என்று நான் சொல்லவில்லை. தொடர்பில்லாதவர்கள் பெரிய அளவில் திரும்பச் செய்து காட்ட வேண்டும் என்று கேட்கிறேன்.

உயிருள்ள பாக்டீரியாவைப் பூசியதில்தான் பெரிய பாடம் இருக்கிறது. நலமான தோலிலிருந்து எடுத்த ரோசியோமோனஸ் மியூகோசாவை 10 பெரியவர்களுக்கும் 5 குழந்தைகளுக்கும் பூசிப் பார்த்து, 2018இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்து ஆய்வாளர்கள் நல்ல முடிவு என்றார்கள். எல்லோருக்கும் மகிழ்ச்சி, எனக்கும்தான். ஒரு நிறுவனம் அதை எடுத்துப் பெரிய சோதனை நடத்தியது. 2021 செப்டம்பரில் முடிவு வந்தது: வெறும் பூச்சு பூசியவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறியிருந்தார்கள். சோதனை தோற்றது. வெளுத்ததெல்லாம் பாலல்ல! அதற்குப் பிறகும் 2024இல் ரோசியோமோனஸ், மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடிய பொருளாக விற்பனைக்கு வந்துவிட்டது. வாங்குகிற தாய்க்கு 2018 முடிவும் தெரிய வேண்டும், 2021 முடிவும் தெரிய வேண்டும்.

இதே சமயத்தில் கலிஃபோர்னியாவில் ஸ்டேஃபைலோகாக்கஸ் ஹோமினிஸ் ஏ9 என்ற ரகத்தை 54 பேரிடம் ஒரு வாரம் சோதித்தார்கள். ஆரியஸ் குறைந்தது. ஆனால் நோய் தணிந்தது யாருக்கு? யாருடைய தோலில் இருந்த ஆரியஸை ஏ9 கொல்லக்கூடியதாக இருந்ததோ, பெரும்பாலும் அவர்களுக்கு. ரகம் மாறினால் பலன் மாறுகிறது. போட்டோராப்டஸ் குடும்பத்திலேயே அசிம்பயாட்டிகா என்றொரு உறவு இருக்கிறது. அது மனிதனின் தோலிலும் சதையிலும் புண்ணை உண்டாக்கும். ஒரே குடும்பப் பெயர்தான், ஒன்றின் சுரப்பு மருந்தாகிறது, மற்றொன்று நோயாகிறது. அப்படியிருக்க, டப்பாவின் மேல் "புரோபயாடிக்", "நன்மை தரும் பாக்டீரியா" என்று மட்டும் அச்சடித்து விற்பதை எப்படி ஏற்றுக்கொள்வது?

இதற்காகத்தான் நான் மேடை மேடையாகப் பேசி வருகிறேன். பாக்டீரியா அல்லது அதன் சாறு கலந்த எந்தத் தோல் பூச்சின் மேலும், அது எந்த இனம், எந்த ரகம் என்று எழுத வேண்டும். உயிரோடு இருக்கிறதா, செத்ததா, உடைத்த சாறா, சுரப்பு மட்டுமா என்று எழுத வேண்டும். எவ்வளவு என்று எழுத வேண்டும். மனிதர்களிடம் சோதித்திருந்தால் எத்தனை பேரிடம், முடிவு என்ன, தோற்ற சோதனை உட்பட எழுத வேண்டும். "இடம் போதாது" என்று பதில் வருகிறது. பூப்படம் போட இடம் இருக்கிறதே! மருந்து என்றால் சட்டம் கேள்வி கேட்கிறது, அழகுப்பொருள் என்றால் விட்டுவிடுகிறது. வெடித்த தோலில் பூசும் குழந்தைக்கு இந்த வேறுபாடு தெரியுமா? வெளுத்ததெல்லாம் பாலல்ல என்று வாங்குகிறவரை எச்சரித்தால் மட்டும் போதாது. உள்ளே இருப்பது பாலா, சுண்ணாம்பா என்று விற்கிறவர் எழுதித்தான் ஆக வேண்டும்.

நேரம் முடிந்தது என்று தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். விழுங்கும் சாற்றைப் பற்றிக் கேட்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். பெற்றோர்களே, என் பேச்சைக் கேட்டுவிட்டு மருத்துவர் தந்த களிம்பை நிறுத்திவிடாதீர்கள், ஈரம் காக்கும் பூச்சையும் நாள் தவறாமல் பூசுங்கள். கோரிக்கை மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. படித்துப் பாருங்கள், சரி என்று பட்டால் கையெழுத்திடுங்கள். முதல் கையெழுத்தைப் பேராசிரியர் அம்மா போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

வாய்ப்பளித்த அவைக்கு நன்றி. வணக்கம்.