கோட்டை வாசலில் ஒரு கேள்வி

அன்பார்ந்த நேயர்களுக்கு என் மாலை வணக்கம்.

திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகிற எவரும் ஒரு படைமுகாமின் வாசலைக் கடந்துதான் போகவேண்டும். அர்ச்சனைத் தட்டுடன் வரும் தாய்மாரும், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் இளந்தம்பதியரும், வெள்ளிக்கிழமை விரதக்காரரும் பிரெட்றிக் கோட்டையின் பழைய வளைவு வாசலுக்குள் நுழைந்து, மரநிழலில் படுத்திருக்கும் மான்களைப் பார்த்தபடி, காவலில் நிற்கும் சிப்பாயைத் தாண்டி மேலே ஏறுகிறார்கள். படைத்தலைமை, காவற்கடமை, படைகளின் சம்பிரதாயங்கள் ஆகியவை பற்றிப் பேசும்படி என்னை அழைத்தபோது, என் மனத்தில் முதலில் வந்து நின்றவன் அந்தச் சிப்பாய்தான். நான் படையில் இருந்தவன் அல்லன்; வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆயினும் இந்த ஊரில் பிறந்தவனுக்குக் காவலாளைப் பற்றிச் சொல்ல ஏதாவது இல்லாமற் போகாது.

அந்த வாசலில் யார் யார் காவல் நின்றார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 1624 இல் போர்த்துக்கேயர், இடித்த கோயிலின் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினார்கள். 1639 இல் ஒல்லாந்தர் அதனைப் பிடித்தார்கள். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் வந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் அவர்களை வெளியேற்றினார். பிறகு மீண்டும் ஒல்லாந்தர். 1795 இல் மறுபடியும் ஆங்கிலேயர். கோட்டைக்கு இன்றுள்ள பெயர் 1803 இல் வைக்கப்பட்டது. காவல் மாறும் சடங்கைக் காண மக்கள் இலண்டனில் பக்கிங்காம் அரண்மனை வாசலில் கூட்டமாக நிற்பதைப் படங்களிற் பார்த்திருப்பீர்கள். எங்கள் வாசலில் ஓர் ஆண்டுக்குள் இரண்டு முறை காவல் மாறியது. வேடிக்கை பார்க்க ஒருவரும் நின்றிருக்கமாட்டார்கள்.

என் தகப்பனார் இங்கே பிரித்தானியக் கடற்படையின் டொக்யார்ட்டில் வாச்சராக இருந்தவர். 1957 இல் அந்தத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்படும் வரை அங்கேதான் வேலை. எங்கள் வீட்டில் அப்போது மணிக்கூடு கிடையாது. அப்பா கப்பல் மணியைக் கேட்டு நேரம் சொல்வார். "நாலு மணி அடித்துவிட்டது" என்று அவர் சொன்னால் அது மாலை ஆறாகவும் இருக்கலாம், இரவு பத்தாகவும் இருக்கலாம், விடிகாலை இரண்டாகவும் இருக்கலாம். அம்மாவுக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. கப்பலில் அரை மணிக்கு ஒருமுறை மணி அடிப்பார்கள். ஒவ்வோர் அரை மணிக்கும் ஓர் அடி கூடிக்கொண்டு போய், நான்கு மணித்தியாலக் காவல் முடியும்போது எட்டு அடியில் நிற்கும். அடுத்த காவலுக்குக் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். அரை மணிக்கு ஒருமுறை கவிழ்த்து வைத்த மணற்கடிகாரத்தின் நினைவு அது.

நமது மரபில் ஒரு நாளுக்கு எட்டுச் சாமம், சாமத்துக்கு மூன்று மணித்தியாலம். கடற்படையினரின் நாளுக்கு ஏழு காவல்கள். அவர்களும் நான்கு நான்காக ஆறு காவல்கள் என்று சமமாகப் பிரித்திருக்கலாம். அப்படிப் பிரித்தால் நடுச்சாமக் காவல் ஒரே ஆளின் தலையிலேயே தினமும் விழும். ஆகவே மாலை நான்கு முதல் எட்டு வரையுள்ள காவலை இரண்டாக வெட்டி, இரண்டு மணித்தியாலக் காவல்கள் இரண்டு ஆக்கினார்கள். எண்ணிக்கை ஒற்றைப்படை ஆனவுடன் சுற்று தானாகவே மாறும். இன்று நள்ளிரவில் நின்றவன் நாளை நள்ளிரவில் நிற்கமாட்டான். அந்த இரண்டுக்கும் ஆங்கிலத்தில் 'டொக் வொட்ச்' என்று நாயின் பெயர். பெயர் எப்படி இருந்தாலும், படைத்தலைமை என்றால் என்ன என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் முதலிற் காட்டுவது இந்த வெட்டைத்தான். ஆளின் களைப்பைக் கணக்கில் எடுத்தவர் எவரோ அதனைச் செய்திருக்கிறார்.

தரைப்படையிலும் இதே கணக்கு வேறு வடிவில் உண்டு. இருபத்துநான்கு மணித்தியாலக் காவலுக்கு வருகிறவர்களை மூன்று அணியாகப் பிரித்து, ஒவ்வோர் அணியையும் இரண்டு மணித்தியாலம் நிற்க வைத்து நான்கு மணித்தியாலம் ஓயவிடுவது பழைய வழக்கம். ஓய்வு என்றாலும் சப்பாத்தைக் கழற்றுவதில்லை. "காவலே, வெளியே வா" என்ற குரல் கேட்டவுடன் அனைவரும் ஓடிவந்து அணிவகுத்து நிற்கவேண்டும். படைப்பிரிவுத் தலைவர் வாசலுக்கு வந்தால் இன்றும் இது நடக்கிறது. பார்ப்பவருக்கு அது மரியாதை அணிவகுப்பு. உண்மையில் அது ஒரு சோதனை: ஓய்விலிருக்கும் ஆட்கள் எத்தனை நொடியில் ஆயுதத்துடன் வந்து நிற்கிறார்கள் என்பதைத் தலைவர் தன் கண்ணாற் பார்த்துக்கொள்கிறார்.

சம்பிரதாயங்களில் மிகப் பலவற்றின் கதை இதுதான். ஒரு காலத்தில் வேலையாக இருந்தது, வேலை போனபின் சடங்காக நின்றுவிட்டது. போர்க்களத்துப் புகையில் தன் கொடி எதுவென்று சிப்பாய் தவறாமல் அடையாளம் காணவேண்டும் என்பதற்காகவே கொடியை அணிகளுக்கிடையே மெதுவாக நடத்திக் காட்டினார்கள். பிரித்தானியப் படைப்பிரிவொன்று கடைசியாகக் கொடியைப் போருக்குள் கொண்டுபோனது 1881 இல், தென்னாபிரிக்காவில். கொடி நடை மட்டும் இன்றும் தொடர்கிறது. ஆயுத வணக்கத்தில் துப்பாக்கியைச் சுட முடியாத விதமாக உடலுக்கு முன்னே நிமிர்த்திப் பிடிக்கிறார்கள். பீரங்கி மரியாதையும் அப்படித்தான்: வெடித்துத் தீர்த்த பீரங்கியை மீண்டும் நிரப்ப நேரம் எடுத்த காலத்தில், துறைமுகத்துக்குள் வரும் கப்பல் "என் கையில் ஒன்றுமில்லை" என்று சொன்ன முறை அது. சுதந்திர தினத்தில் நமது கடற்படை தீர்க்கும் 25 வேட்டுகளுக்கும் இந்தப் பழைய வெறுங்கைதான் மூதாதை.

ஒல்லாந்தர் நமக்குக் கந்தோரையும் லாச்சியையும் விட்டுப்போனார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆங்கிலேயருக்கு அவர்கள் விட்டுப்போன சொற்களில் ஒன்று 'டட்டூ'. படை அணிவகுப்புக் காட்சிக்கு வழங்கும் சொல்லைச் சொல்கிறேன், பச்சை குத்துவதை அல்ல. அது பசிபிக் தீவுகளிலிருந்து வந்த வேறு சொல். சிப்பாய்கள் முகாமுக்குத் திரும்பும் நேரத்தில் மேளம் அடித்துக்கொண்டு தெருவால் வருவார்கள். சாராயக் கடைக்காரர் பீப்பாயின் குழாயை மூடவேண்டும். "குழாயை மூடு" என்ற அந்த ஒல்லாந்து வசனமே தேய்ந்து இந்தச் சொல் ஆனது. இந்த மேளம் திருகோணமலைத் தெருக்களிலும் ஒலித்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு.

இனி, இரவுக் காவலின் நடுவில் இருக்கும் அந்தக் கேள்விக்கு வருகிறேன். இருட்டில் யாரோ வருகிறார்கள். காவலாள் முதலிற் செய்யவேண்டியது சுடுவது அன்று, குரல் கொடுப்பது. "நில், யார் அங்கே?" பதில் வரவேண்டும். பிறகு, வெளிச்சத்துக்கு வந்து ஆளை இனங்காட்டச் சொல்லவேண்டும். வேண்டுமானால் அடையாளச் சொல்லைக் கேட்கவேண்டும். 'ஹூ கம்ஸ் தெயர்' என்ற இந்த ஆங்கிலக் கேள்வி இந்தியச் சிப்பாய்களின் வாயில் 'ஹுக்கும்தார்' என்று திரிந்து ஒரு சொல்லாகவே வழங்கியது. இதில் இரண்டு செய்திகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, வருகிறவர் தளபதியே ஆனாலும் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் உள்ளே போகமுடியும். அந்த ஒரு கணத்தில் காவலாள் தன் தளபதியை விடப் பெரியவன். மற்றது, வருகிறவர் வழிதவறிய மாட்டுக்காரனாக இருந்தாலும், கேள்வி கேட்கப்படும்வரை அவனுடைய உயிர் பாதுகாப்பானது.

இலண்டன் கோபுரக் கோட்டையில் ஒவ்வோர் இரவும் பத்து மணிக்குச் சற்று முன்னர் வாசல்களைப் பூட்டி, சாவிக் கொத்துடன் தலைமைக் காவலர் துணைக்கு ஆட்களோடு திரும்பி வருவார். சிப்பாய் மறிப்பான். "யார் வருவது?" "சாவிகள்." "எவருடைய சாவிகள்?" "சார்ல்ஸ் மன்னருடைய சாவிகள்." ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளாக நடந்துவரும் சடங்கு. வருவது யாரென்று கேட்கிறவனுக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். இருந்தும் கேட்காமல் விடுவதில்லை. 1940 டிசம்பரில் விமானக் குண்டின் அதிர்ச்சியில் காவலர்கள் விழுந்து எழுந்து, தாமதமாக அதைச் செய்து முடித்தார்கள். தாமதத்துக்காகப் பொறுப்பதிகாரி மன்னருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார். எதிரியின் செயலால் நேர்ந்தது என்பதால் தண்டனை இல்லை என்று பதில் வந்தது.

தண்டனை என்றதும் உறக்கம் நினைவுக்கு வருகிறது. காவலில் உறங்குவது போர்க்காலத்தில் மரண தண்டனைக்குரிய குற்றம். முதலாம் உலகப்போரில் பிரித்தானியப் படைகளில் 449 பேருக்கு இக்குற்றத்துக்காக அத்தண்டனை விதிக்கப்பட்டது, நிறைவேற்றப்பட்டது இருவருக்கு. மற்றவர்களின் கோப்புகளை மேலே பார்த்த அதிகாரிகள், நாட்கணக்காக உறங்காத ஆளிடம் எதனை எதிர்பார்க்கலாம் என்பதை அறிந்திருக்கவேண்டும். நம்முடைய சங்கப் புலவர் ஒருவர் பாசறையில் அரசனுக்குக் காவல் நின்ற முதியவர்களைப் பாடும்போது, தூறலோடு வரும் காற்றில் அசையும், பூத்த அதிரற்கொடிபோல (அதிரல் என்பது காட்டு மல்லிகை) அவர்கள் தூக்கக் கலக்கத்தில் ஆடி நடந்தார்கள் என்கிறார். அங்கே குற்றச்சாட்டு இல்லை, இரக்கந்தான் இருக்கிறது. பக்கத்திலேயே நீர்க்கடிகை பார்த்து நேரம் சொல்பவரும் நிற்கிறார். காவலும் மணியும் அன்றைக்கே ஒன்றாகத்தான் இருந்தன.

காவலாளை விழித்திருக்க வைப்பது தண்டனைப் பயத்தை விட, அதிகாரி வருவார் என்ற எண்ணம். அன்றைய பொறுப்பதிகாரி இரவில் ஒவ்வொரு காவலிடமாகச் சுற்றி வருவார், "உன் கட்டளைகளைச் சொல்" என்பார், சிப்பாய் ஒப்புவிக்கவேண்டும். அவர் சுற்றை முடித்து இறுதிக் காவலிடத்தைப் பார்த்தாயிற்று என்பதற்கு அடையாளமாக ஊதப்பட்ட ஊதலே 'லாஸ்ட் போஸ்ட்'. மரண ஊதலாக அது பிறக்கவில்லை. எல்லோரும் அவரவர் இடத்தில் இருக்கிறார்கள், இனி உறங்கலாம் என்ற அறிவிப்பு அது. பிறகுதான் அதனைப் புதைகுழியருகே ஊதத் தொடங்கினார்கள். பெல்ஜியத்தின் ஈப்பர் நகர வாயிலில் 1928 முதல் மாலை எட்டு மணிக்கு அது ஒலிக்கிறது. ஜேர்மனியர் அந்நகரைப் பிடித்திருந்த ஆண்டுகளில் நின்று, 1944 செப்டெம்பரில் நகரம் விடுபட்ட அன்று மாலையே மீண்டும் தொடங்கியது. நமது நிலாவெளி வீதிப் போர்க்கல்லறையின் வெள்ளைக் கற்களுக்கிடையே நடக்கும்போது அந்த ஊதலின் முதற்பொருள்தான் எனக்கு நினைவில் வரும். அமெரிக்காவின் ஆர்லிங்டனில் பெயர் தெரியாத வீரனின் கல்லறையை இரவு பகலாகக் காக்கும் சிப்பாய்கள் காவல் நடையின்போது தம் பதவிச் சின்னத்தை அணிவதில்லை. உள்ளே உறங்குபவரின் பதவி என்னவென்று தெரியாது. அவரை விட உயர்ந்தவராகத் தாம் நின்றுவிடக்கூடாது.

1942 ஏப்ரல் 4 இல் கொக்கலையிலிருந்து புறப்பட்ட கற்றலினா வேவு விமானத்தின் தலைவர் லெனார்ட் பேர்ச்சோல், கடலில் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு, வானொலியிற் செய்தி அனுப்பியபடியே சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டது. 9 ஆம் திகதி திருகோணமலை. கப்பல்களிற் பெரும்பாலானவற்றை முதல்நாள் இரவே துறைமுகத்திலிருந்து வெளியேற்றியிருந்தார்கள். ஆனால் அப்படி வெளியேறிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ், விமானப் பாதுகாப்பு இல்லாமல் மட்டக்களப்புக்கு அப்பால் அகப்பட்டு 307 பேருடன் மூழ்கியது. காவலாள் கூவியது சரி. கூவியதைக் கேட்டபின் என்ன செய்வது என்பது தலைமையின் பாரம். அது எவ்வளவு கடினமானது என்பதற்கு எங்கள் கடலே சாட்சி.

டெஹ்ராடூனில் 1932 இல் இந்திய இராணுவக் கல்லூரியைத் தொடக்கிவைத்த செற்வூட் பிரபு, நாட்டின் நலம் முதலாவது, ஆட்களின் நலம் இரண்டாவது, உன் சொந்தச் சுகம் எப்போதும் கடைசி என்று இளம் அதிகாரிகளுக்குச் சொன்னார். நல்ல வரிசைதான். ஆனால் காவலின் முன்னால் வந்து நிற்கும் மூன்றாம் மனிதருக்கு, அதாவது உங்களுக்கும் எனக்கும், அந்த வரிசையில் இடம் எங்கே? இதை நான் சும்மா கேட்கவில்லை. போர்க்காலத்தில் பாடசாலைக்குப் போகும் வழியில் ஒரு காவலரணை நான் தினமும் இரண்டு முறை கடந்தேன். சைக்கிளிலிருந்து இறங்கி, அடையாள அட்டையை நீட்டி, பையைத் திறந்து காட்டவேண்டும். சில மாதங்கள் அங்கே குரல் கடுமையாக இருக்கும். மாணவர்களின் விடைத்தாள்கள் மண்ணில் கிடக்கும். திடீரென்று ஒரு நாள் அதே சிப்பாய்கள், அதே துப்பாக்கிகள், ஆனால் "மாஸ்டர், அட்டை" என்று அமைதியாகக் கேட்பார்கள். பையை அவர்களே மூடித் தருவார்கள். முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு கண்டுபிடித்தேன்: பொறுப்பதிகாரி மாறியிருந்தார். அவரை நான் ஒருநாளும் கண்டதில்லை. எனினும் அவர் எப்படிப்பட்டவர் என்பதைக் காலையிலும் மாலையிலும் அந்தச் சிப்பாயின் குரலில் கேட்டேன். அவர் மாற்றலாகிப் போனதையும் குரலில்தான் அறிந்தேன்.

கடந்த வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்காகக் கோட்டை வாசலால் நுழைந்தேன். புதிதாக ஒரு பையன் காவலில் நின்றான். மீசை இன்னும் அரும்பி முடியவில்லை. என் கையில் பூவும் தேங்காயும் இருந்தன, நெற்றியில் திருநீறு. உள்ளே எங்கே போவேன் என்று அவனுக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. ஆனாலும் கையை மெதுவாக உயர்த்தி, தடுமாறும் தமிழில், "ஐயா எங்க போறது?" என்று கேட்டான்.

"கோயிலுக்கு, தம்பி" என்றேன்.

"சரி ஐயா, போங்க" என்று விலகி நின்றான்.