ஸ்டில் லைஃப் வாங்குவதற்கு முன்னால் கொஞ்சம் பேசலாம்

வணக்கம், எல்லாரும் நலம்தானே? இன்றைக்கு ஸ்டில் லைஃப். மேசை, அதன்மேல் நாலு பழம், ஒரு குடம், பின்னால் மடிப்பு மடிப்பாக ஒரு துணி. ஓவியக் கல்லூரியில் சேர்ந்ததும் வரையச் சொல்வார்களே, அதேதான். சமகாலக் கலை தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை என்கிறவர்களை நான் முதலில் இந்தப் பழத்தட்டுப் பக்கம்தான் அனுப்புவேன்.

அந்த வாழைப்பழச் செய்தி ஞாபகம் இருக்கும். 2019 டிசம்பரில் மயாமி கலைச்சந்தையில் மௌரிஸியோ கட்டெலான் என்ற இத்தாலியக் கலைஞர் ஒரு வாழைப்பழத்தை டேப் போட்டுச் சுவரில் ஒட்டினார். விலை 1,20,000 டாலர். 2024 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் அதே படைப்பின் ஒரு பிரதி 62 லட்சம் டாலருக்குப் போனது. ஏலம் எடுத்தவர் ஹாங்காங்கில் எல்லார் முன்னாலும் உரித்துச் சாப்பிட்டும்விட்டார். சிரிக்கலாம், தப்பே இல்லை. ஆனால் அவர் கைக்கு வந்தது ஒரு சான்றிதழும், எப்படி ஒட்ட வேண்டும் என்ற குறிப்பும். பழம் அழுகினால் மார்க்கெட்டில் இன்னொன்று.

எனக்கு அதைவிடப் பிடித்தது, சாம் டெய்லர்-ஜான்சன் என்ற பிரிட்டிஷ் கலைஞர் 2001-இல் செய்த ‘ஸ்டில் லைஃப்’ என்ற வீடியோ. நாலு நிமிஷம்கூட ஓடாது. அழகாக அடுக்கிய பழங்கள் பூஞ்சை பிடித்து, அமுங்கி, கடைசியில் ஒரு கறுப்புக் குவியலாகின்றன. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பால்பாயின்ட் பேனா. அதற்கு ஒன்றுமே ஆவதில்லை. முதல்முறை பார்த்தபோது பழத்தைவிட அந்தப் பேனாதான் என்னைப் பயமுறுத்தியது.

இதைப் பார்த்த கையோடு, மிலானின் அம்ப்ரோசியானா அருங்காட்சியகத்தில் இருக்கும், இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோவின் பழக்கூடைப் படத்தை இணையத்தில் தேடுங்கள். 1600-ஐ ஒட்டி வரைந்தது. ஆப்பிளில் புழு துளைத்த ஓட்டை, ஓரத்தில் வதங்கிய இலை. அழுகலை அவரே ஆரம்பித்துவிட்டார். கட்டெலான் வானத்திலிருந்து குதிக்கவில்லை.

சரி, வாங்குவதற்கு வருவோம். கேலரியில் முதலில் கண்ணை இழுப்பது திராட்சைமேல் நீர்த்துளி, ‘அப்படியே போட்டோ மாதிரி’ ரகம். அந்தக் கைத்திறனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கொஞ்ச நாளில் அது சுவரில் இருப்பதே மறந்துவிடும். ஜார்ஜோ மொராண்டியைப் பாருங்கள். 1890-இல் பிறந்து 1964-இல் இறந்த ஓவியர், இத்தாலியின் பொலோஞ்ஞா ஊர்க்காரர். கல்யாணம் இல்லை, மூன்று தங்கைகளோடு ஒரே வீடு, படுக்கிற அறையே ஸ்டுடியோ. வருஷக்கணக்காக அதே பாட்டில்கள், ஜாடிகள், டப்பாக்கள். மினுமினுக்கக் கூடாது என்று பாட்டிலுக்கே பெயின்ட் அடித்துவிடுவார். தூசியைத் தட்ட மாட்டார். இரண்டு ஜாடி ஒட்டி நிற்கும், எது முன்னால் எது பின்னால் என்று கண் தடுமாறும். அந்த இடுக்கில்தான் அவருடைய படமே இருக்கிறது.

அதனால் படத்தின் முன் நின்றதும் பொருள்களை விட்டுவிடுங்கள். நடுவில் இருக்கும் காலி இடத்தைப் பாருங்கள். நிழலில் ஏதாவது நிறம் இருக்கிறதா, வெறும் கறுப்பா? மேசை விளிம்பு எங்கே போகிறது? அங்கே ஓவியர் சும்மா நிரப்பியிருந்தால் நான் நகர்ந்துவிடுவேன், பழம் எவ்வளவு சிவப்பாக இருந்தாலும்.

எங்கே போவது? சென்னையில் இருந்தால், 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு ஒரு நடை போங்கள். அரசு கவின் கலைக் கல்லூரி மாணவர்கள் கண்காட்சி வைத்தால் விடாதீர்கள். பணம் கம்மியா? எட்சிங் (உலோகத் தகட்டில் அமிலத்தால் அரித்தது), லினோகட் (லினோலியத்தில் செதுக்கியது) மாதிரி, ஒரே அச்சிலிருந்து பல பிரதி எடுக்கும் அச்சோவியம் வாங்குங்கள். கீழே பென்சிலில் 3/20 என்று இருந்தால் இருபது பிரதிகளில் மூன்றாவது என்று அர்த்தம். ரசீதில் ஓவியர் பெயர், தலைப்பு, ஆண்டு, அளவு, எதில் வரைந்தது, எல்லாம் எழுதி வாங்குங்கள். பேரம் பேசலாம், ஆனால் மாணவர்களிடம் வேண்டாமே.

வாட்டர்கலர் என்றால் வெயில் விழும் சுவரும் வேண்டாம், ஓதம் ஏறும் சுவரும் வேண்டாம். அப்புறம், கண்ணாடி காகிதத்தைத் தொடாதபடி நடுவில் அமிலமில்லாத மவுன்ட், அதாவது படத்தைச் சுற்றி வரும் அட்டை, வைக்கச் சொல்லுங்கள். பிரேம் கடை அண்ணன் “எதுக்கு சார் வீண் செலவு” என்பார். விடாதீர்கள், போட்டே வாங்குங்கள்.