வோட்டு கேக்க வர்றவங்க கிட்ட பஸ் ஸ்டாப்பை பத்தி கேளுங்க

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். 2022 மார்ச்ல பதவியேத்த சென்னை மாநகராட்சி கவுன்சிலர்களோட அஞ்சு வருஷம் 2027 ஆரம்பத்துல முடியுது. அடுத்த தேர்தல் எப்ப வந்தாலும் 200 வார்டுலயும் வாசலுக்கு வந்து கை கூப்பி நிப்பாங்க, அப்ப அவங்க கிட்ட என்ன கேக்கறதுன்னு இப்பவே யோசிச்சு வெச்சுக்கணும், அதைப் பத்தி தான் இன்னிக்கு பேசப் போறேன்.

தேர்தல் வந்தா மேடையில எல்லாரும் மெட்ரோ பேசறாங்க, மேம்பாலம் பேசறாங்க. மெட்ரோ வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன், 2015ல கோயம்பேடு ஆலந்தூர் நடுவுல முதல் ரயில் ஓடினப்ப இந்த ஊருக்கு இது எப்பவோ வந்திருக்கணும்னு தான் தோணுச்சு, இப்ப ரெண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய், அது முடிஞ்சா மாதவரத்துல இருந்து சோழிங்கநல்லூர் வரைக்கும் ரயில்லயே போயிடலாம். ஆனா ஒரு கணக்கை மனசுல வெச்சுக்கோங்க. மெட்ரோல ஒரு நாளைக்கு ஏறறவங்க சுமார் 3 லட்சம், மாநகர பஸ்ல ஏறறவங்க சுமார் 30 லட்சம். பத்து மடங்கு பேர் நம்பியிருக்கற பஸ்ஸைப் பத்தி மேடையில எவ்வளவு நேரம் பேசறாங்கன்னு கவனிச்சுப் பாருங்க.

பஸ்ஸைப் பத்தி பேசாததுக்கு காரணம் ரொம்ப சிம்பிள். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை வர்ற பஸ்ஸை பத்து நிமிஷத்துக்கு ஒண்ணா ஆக்கினா அதுக்கு அடிக்கல் நாட்ட முடியாது, ரிப்பன் வெட்ட முடியாது, போட்டோல தெரியாது. தேர்தல் தேதி அறிவிச்ச உடனே நடத்தை விதி வந்துடும், புதுசா எதையும் அறிவிக்க முடியாது, அதனால அதுக்கு முந்தின ரெண்டு மூணு மாசத்துல கல்வெட்டு எல்லாம் வரிசையா திறக்கறாங்க. கட்டடம் ரெடியான்னு தான் பாக்கறாங்க, அங்க ஜனங்க எப்படி வந்து சேருவாங்கன்னு பாக்கறதில்ல.

வெளியூர் பஸ் கிளம்பற கிளாம்பாக்கம் டெர்மினஸையே எடுத்துக்கோங்க. 88 ஏக்கர், கிட்டத்தட்ட 394 கோடி ரூபா, 2023 டிசம்பர் 30ஆம் தேதி திறந்தாங்க. உள்ள போனா நல்லா தான் இருக்கு, அகலமா சுத்தமா கட்டியிருக்காங்க. ஆனா திறந்தப்ப பக்கத்துல ரயில்வே ஸ்டேஷன் கிடையாது, மெட்ரோ கிடையாது, வண்டலூர்லயோ ஊரப்பாக்கத்துலயோ இறங்கி ஜிஎஸ்டி ரோட்டு ஓரமா பெட்டியை இழுத்துக்கிட்டு வரணும், இல்ல ஆட்டோக்கு கேட்ட காசு கொடுக்கணும். ஊருக்குப் போற டிக்கெட்டை விட டெர்மினஸ்க்கு வந்து சேர்றதுக்கு தான் அதிகமா செலவாச்சுன்னு அப்ப எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டேன். ஸ்டேஷனும் நடைமேம்பாலமும் முதல்ல, டெர்மினஸ் அப்புறம்னு வரிசை இருந்திருந்தா அந்த ஜனங்களுக்கு இவ்வளவு அலைச்சல் வந்திருக்காது.

இன்னொண்ணு ஞாபகம் வருது. 2013ல ஸ்மால் பஸ் விட்டாங்க, எஸ் நம்பர் போட்ட சின்ன வண்டி, பெரிய பஸ் நுழைய முடியாத தெருவுக்குள்ள போய் ஆளை ஏத்திக்கிட்டு மெயின் ரோட்டுல விடற மாதிரி. அருமையான யோசனை. ஆனா அந்த பஸ் மேல வரைஞ்சிருந்த இலை கட்சி சின்னம் மாதிரி இருக்குன்னு கேஸ் போச்சு, 2014 எலெக்‌ஷன் சமயத்துல அந்தப் படத்தை மறைக்கச் சொன்னாங்க. இலையைப் பத்தி ஊரே பேசுச்சு. அந்த பஸ் எத்தனை நிமிஷத்துக்கு ஒண்ணு வருது, நைட்டு எத்தனை மணி வரைக்கும் ஓடுது, இதை ஒருத்தரும் கேக்கல, அப்புறம் அந்த வண்டிங்க கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சப்பவும் யாரும் கேக்கல. எனக்கு இன்னிக்கும் ஆத்தாமையா இருக்கு.

சாயங்காலம் ஏதாவது ஒரு மெயின் ரோட்டு ஸ்டாப்ல அரை மணி நேரம் நின்னு பாருங்க. நிழற்குடை ஒரு இடத்துல இருக்கும், பஸ் நிக்கறது அதுக்கு நாப்பது அடி தள்ளி, ஏன்னா நிழற்குடைக்கு நேரா ஷேர் ஆட்டோ நிக்குது, ஜனங்க ரோட்டுல இறங்கி எட்டிப் பாத்து நம்பர் படிக்கறாங்க, பஸ் நடு ரோட்டுலயே ஸ்லோ பண்ணுது, பசங்க ஓடிப் போய் தொத்திக்கறாங்க, கட்டைப்பை தூக்கிட்டு நிக்கற அம்மாவும் முட்டி வலியோட நிக்கற பெரியவரும் அப்படியே நின்னுடறாங்க. 2021 மே மாசத்துல இருந்து சாதாரண கட்டண பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, வீட்டு வேலைக்குப் போறவங்களுக்கும் கடையில வேலை பாக்கற பொண்ணுங்களுக்கும் மாசாமாசம் கையில நிக்கற காசு அது, ரொம்ப நல்ல திட்டம். ஆனா அந்த பஸ் வரணுமே, டீலக்ஸ் போகுது, ஏசி பஸ் போகுது, வெள்ளை போர்டு போட்ட சாதாரண பஸ் வரமாட்டேங்குது, வந்தாலும் பாதி வழியில திரும்பற கட் சர்வீஸா இருக்கு.

ஸ்டாப்புக்கு நடந்து வர்ற வழியும் அப்படித்தான். பிளாட்பாரத்துல இபி பாக்ஸ், பைக், ஒரு இடத்துல ஸ்லாப் உடைஞ்சு கம்பி நீட்டிக்கிட்டு இருக்கும். நடக்கறவங்களுக்கு முதலிடம்னு மாநகராட்சி 2014லயே கொள்கை கொண்டு வந்துச்சு, பாண்டி பஜார்ல செஞ்சும் காட்டுச்சு, உங்க தெருவுக்கு அது வந்துச்சா? எலெக்‌ஷன் நேரத்துல அவசரமா ரோடு போடறப்பவும் ஒண்ணு கவனிங்க, பழைய ரோட்டை மில்லிங் பண்ணி சுரண்டி எடுத்துட்டு தான் புது தார் போடணும், அதை விட்டுட்டு மேல மேல போட்டா ரோடு ஏறிடும், வாசப்படி பள்ளத்துக்குப் போயிடும், ஐப்பசி மழைக்கு தண்ணி நேரா வீட்டுக்குள்ள வரும். புது ரோடுன்னு சந்தோஷப்படறதுக்கு முன்னாடி மில்லிங் மெஷின் வந்துச்சான்னு பாருங்க.

இப்ப யாரை கேக்கறதுன்னு ஒரு குழப்பம் இருக்கும். தெரு, பிளாட்பாரம், தெருவிளக்கு மாநகராட்சி, பஸ் மாநில அரசு, பறக்கும் ரயில் ஆரம்பிச்சதுல இருந்து ரயில்வே, மெட்ரோ தனி. எல்லாத்தையும் ஒண்ணா யோசிக்கறதுக்கு கும்டான்னு ஒரு ஆணையம், சட்டம் 2010ல வந்துச்சு, முதலமைச்சர் தலைமையில முதல் கூட்டம் 2022ல தான் நடந்துச்சு. அந்த நடுவுல 2016ல இருந்து 2022 வரைக்கும் சென்னைக்கு கவுன்சிலரே கிடையாது, அதிகாரிங்க தான் நடத்தினாங்க, தெருவுல குழி விழுந்தா போய் நிக்க ஒரு ஆள் இல்ல. அதனால தான் சொல்றேன், வார்டு தேர்தலை சின்ன தேர்தல்னு விட்டுடாதீங்க.

கவுன்சிலரா நிக்கறவர் கிட்ட மெட்ரோ கேக்காதீங்க, அது அவர் கையில இல்ல. எங்க தெருவுல இருந்து ஸ்டாப் வரைக்கும் பிளாட்பாரம் எப்ப சரியாகும், நைட்டு விளக்கு எரியுமா, ரோடு போட்டா மில்லிங் பண்ணுவீங்களா, இதை கேளுங்க. எம்எல்ஏ கிட்ட ரூட் நம்பர் சொல்லி எத்தனை நிமிஷத்துக்கு ஒரு பஸ்னு கேளுங்க. பொத்தாம் பொதுவா வசதி செஞ்சு குடுங்கன்னு கேட்டா செஞ்சு குடுக்கறோம்னு தான் பதில் வரும்.

ஜெயிச்ச அப்புறமும் கேக்க இடம் இருக்கு. பகுதி சபைன்னு ஒண்ணு, கிராம சபை மாதிரி, நகரங்கள்ல 2022 நவம்பர் 1ஆம் தேதி கூட ஆரம்பிச்சுது. பல பேருக்கு அது நடக்கறதே தெரியாது. உங்க ஏரியாவுல எப்ப, எங்க கூடுதுன்னு வார்டு ஆபீஸ்ல கேட்டு வாங்குங்க, பிரச்சாரத்துல கேட்ட அதே கேள்வியை பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போங்க, மினிட்ஸ்ல, அதாவது கூட்டக் குறிப்புல, ஏத்தச் சொல்லுங்க, ஏத்தினாங்களான்னு படிச்சுப் பாத்துட்டு கிளம்புங்க. பஸ் விஷயம்னா அதுல ஒரு காப்பி எம்எல்ஏ ஆபீஸ்லயும் குடுத்துடுங்க. பேச வாய்ப்பு குடுத்த நிலையத்துக்கு நன்றி, வணக்கம்.