பிளாஸ்டிக் பைப்பில் ஓர் ஆண்டெனா

நேயர்களுக்கு வணக்கம். குழாய் வேலை முடிந்தபின் மிஞ்சிய பிவிசி பைப் துண்டு உங்கள் வீட்டு மூலையிலும் கிடக்கும். பொழுதுபோக்காக வானொலியில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் ஹாம் வானொலிக்காரர்களான எங்களுக்கு அது அருமையான பொருள்.

அலையைப் பிடிப்பது கம்பிதான். பைப் அதைத் தாங்குகிறது, அவ்வளவே. இரும்புக் குழாயைப் பக்கத்தில் வைத்தால் அதுவும் ஆண்டெனாவோடு சேர்ந்துகொள்ளும். பிளாஸ்டிக் குறுக்கே வராது.

டைபோல் என்பது நடுவில் பிரிந்து இருபுறமும் சம நீளத்தில் நீளும் கம்பி ஆண்டெனா. அந்த எளிய டைபோலுக்குக் கணக்கும் எளிது. 143-ஐ அலைவரிசையின் மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும். 145 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நடுவில் ஒரு டி-ஜாயிண்ட். இரு கைகளிலும் கம்பி, கீழ்வழியாகக் கேபிள். குறுக்கே வராது என்றேனே, அது முழு உண்மை இல்லை. பைப்புக்குள் ஓடும் கம்பி கொஞ்சம் தாழ்ந்த அலைவரிசைக்கு இறங்கிவிடும். அதனால் நீளமாகவே வெட்டி வைத்து, அளந்து அளந்து நறுக்குங்கள்.

இப்போது மழைக் கதை. என் முதல் டைபோலில் ஒரு சொட்டு நீரும் புகக்கூடாது என்று எல்லா இணைப்பிலும் பசை தடவி, மூடி போட்டு அடைத்தேன். இரண்டு மாதம் நன்றாக ஓடியது. அனுப்பும் சக்தி ஆண்டெனாவில் ஏறாமல் எவ்வளவு திரும்புகிறது என்று காட்டும் எண் எஸ்டபிள்யூஆர்; 1-க்கு அருகில் இருந்தால் நல்லது. மழை தொடங்கியதும் 1.3-ல் இருந்த அது 3-ஐத் தாண்டியது. கேபிளை மாற்றினேன், கனெக்டரை மாற்றினேன், பலனில்லை. கடைசியில் கீழே இறக்கிச் சாய்த்தபோது உள்ளே 'களக்' என்று சத்தம். தண்ணீர்! ஒட்டிய பைப் திறக்குமா? ரம்பத்தால் அறுத்துப் பார்த்தால், சால்டர் வைத்த இடத்தில் செம்பு பச்சை பூத்திருந்தது.

வெயிலில் உள்காற்று விரிந்து, கண்ணுக்குத் தெரியாத இடுக்கு வழியே வெளியேறும். இரவில் குளிர்ந்ததும் ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். நுழைந்த ஈரம் நீராகித் தங்கிவிடும். அதனால் பைப்பின் ஆகத் தாழ்ந்த இடத்தில் மூன்று மில்லிமீட்டர் துளை ஒன்று போடுங்கள். மறுபடியும் சொல்கிறேன், ஆகத் தாழ்ந்த இடத்தில். நான் இப்போதெல்லாம் துளை போட்ட பிறகுதான் பசை டப்பாவையே திறக்கிறேன்.

ஒரே திசையை நோக்கும் யாகி ஆண்டெனா பற்றியும் பேச நினைத்திருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. சரி, இரண்டே விஷயம். வெள்ளை பைப் வெயிலில் நாளடைவில் நொறுங்கும், பெயிண்ட் அடியுங்கள். உலோகத்தூள் கலந்தது வேண்டாம். அப்புறம், மின்கம்பிக்கு அருகில் ஆண்டெனாவை ஏற்றவே ஏற்றாதீர்கள். சரிந்து விழுந்தாலும் கம்பியைத் தொடாத தூரம் இருக்க வேண்டும். வெளியே பிளாஸ்டிக் என்றாலும் உள்ளே இருப்பது செம்பு. வணக்கம்.