ஒரே தென்னையில் இரண்டு வண்டுகள்

எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்பு ஆரையம்பதியில் எங்கள் வளவில் நிற்கிறேன். பின்னால் நிற்கிற தென்னம்பிள்ளையின் ஓலையைப் பாருங்கள். கத்தரிக்கோலால் வெட்டிய விசிறி மாதிரி இருக்கிறதா? இது கறுப்பு வண்டு செய்த வேலை. குருத்து விரிய முன்னமே துளைத்துச் சாற்றைக் குடித்துவிடும். ஓலை விரிந்த பிறகுதான் நமக்குத் தெரியவரும்.

சரி, அது பிறந்தது எங்கே? இந்த மாட்டெருக் கும்பியில். கிளறிப் பார்க்கிறேன்... இதோ! அதன் புழு, உள்ளங்கையில் சுருண்டு கிடக்கிறது. பழுப்புத் தலை, ஆறு குட்டிக் கால். இந்தப் புழுவுக்குப் பச்சை மரம் வேண்டாம். உக்கிய எருவும் உக்கிய தென்னங்குற்றியும்தான் சாப்பாடு. 1978 சூறாவளியில் ஊர்த் தென்னைகள் சாய்ந்து கிடந்ததை அம்மம்மா சொல்லுவா. அப்படி விழுந்த மரத்தை எடுக்காமல் விட்டால், அதற்குள்ளேயே இது பெருகும். கொம்பு முளைத்து வண்டான பிறகுதான் இரவில் பறந்து மரத்தின் வட்டுக்கு, அதாவது ஓலை முளைக்கிற உச்சிக்குப் போகும்.

அப்புறம், போத்தலில் இருக்கிற இது சிவப்பு வண்டு. ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர், நீண்ட மூக்கு. இதன் புழுவுக்குக் கால் கிடையாது. நடக்க வேண்டிய தேவையும் இல்லை. பிறந்த இடமே சாப்பாடு. உயிருள்ள மரத்தை உள்ளுக்குள் தின்று, அந்த நாராலேயே கூடு சுற்றி, வண்டாகித்தான் வெளியே வரும். தாய் வண்டு முட்டையிட மரத்தில் காயத்தைத் தேடும். கத்தி வெட்டு, இல்லாவிட்டால் கறுப்பு வண்டு போட்ட ஓட்டை. ஒன்று கதவைத் திறக்க மற்றது குடியேறுகிறது. எனக்குப் பயம் இதில்தான்.

போன வருஷம் கிணற்றடித் தென்னை பட்டுப்போனது. அதுவரை ஓலையெல்லாம் பச்சை. மரத்தில் செம்பழுப்பாய்ச் சாறு வடிந்ததை மழைக்கறை என்று விட்டுவிட்டோம். பக்கத்து வளவு மாமா வந்து மரத்தில் காதை வைத்தார். "உள்ளுக்குள்ள அரிக்குது மகன், நீயும் வெச்சுக் கேளு" என்றார். கேட்டேன். வறுத்த அரிசியை யாரோ மெல்லுகிற மாதிரி, விடாமல், மெதுவாக. இரண்டு கிழமையில் வட்டு சரிந்தது. பாளை போடத் தொடங்கிய மரம்.

அதனால் இன்று எருக் கும்பியைக் கிளறி, புழுக்களைப் பொறுக்கப் போகிறேன். தென்னம்பிள்ளையின் ஓட்டைக்குள் கறுப்பு வண்டு இன்னும் இருக்கிறது. புதுத் தும்பு வெளியே தள்ளிக் கிடக்கிறது, பாருங்கள். கம்பி நுனியை வளைத்து வைத்திருக்கிறேன். கமராவை மதிலில் வைக்கிறேன். முதலில் அந்த வண்டைக் குத்தி இழுப்போம்.