உதவித்தொகையோடு வரும் மாதக் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். எலிக்குக் கேட்ட மருந்து மனிதருக்கு வருவதற்குள் பாதி வழியில் படுத்துவிடுவது வாடிக்கை. அந்தப் பாதையைக் கடக்கத் தெரிந்த ஆய்வாளர்களை உருவாக்கவும் சேர்த்துத்தான், அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்.ஐ.எச். 2006-இல் சி.டி.எஸ்.ஏ. என்ற மானியத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் பி.எச்டி.யோ எம்.டி.யோ முடித்தவர்களின் பயிற்சிக்குப் பணம் தந்த மானியத்துக்கு டி.எல்.1 என்று பெயர். இப்போது அந்த இடத்தில் டி32 என்ற பயிற்சி மானியம்.

பணம் பல்கலைக்கழகத்துக்கு வரும். திட்ட இயக்குநர் ஆளைத் தேர்ந்தெடுப்பார். அமெரிக்கக் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு இருந்தாக வேண்டும். ஜே-1, ஹெச்-1பி விசாவில் இருப்பவர்கள் இதற்காக அலைய வேண்டாம். வழிகாட்டியின் ஆய்வு மானியத்திலிருந்து சம்பளம் வாங்கலாம், பிறகு சொந்த ஆய்வுக்கு நகர உதவும் கே99 என்ற என்.ஐ.எச். மானியத்துக்கு முயலலாம். அதற்குக் குடியுரிமை நிபந்தனை இல்லை.

உதவித்தொகை, பட்டத்துக்குப் பிந்தைய அனுபவத்தைப் பொறுத்தது. 2024-இல் தொடக்க நிலைக்கு ஆண்டுக்கு 61,008 டாலர். மருத்துவர்கள் பலர் இங்கே ஏமாறுகிறார்கள்: ரெசிடென்சி எனும் மருத்துவமனைப் பயிற்சி ஆண்டுகளும் அனுபவக் கணக்கில் சேரும். மூன்றாண்டு ரெசிடென்சி முடித்தவரைத் தொடக்க நிலையில் போட்டிருந்தால், கையெழுத்திடும் முன்பே கேட்டுத் திருத்திவிடுங்கள். இன்னொன்று, இது சம்பளக் கணக்கில் வராது. ஆனால் வருமான வரி உண்டு, பெரும்பாலும் யாரும் பிடித்துக் கட்டுவதில்லை. ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி எனத் தவணையாக நாமே கட்ட வேண்டும். மறந்தவர்களுக்கு அடுத்த ஏப்ரலில் மொத்தமாக ஒரு அடி, கூடவே அபராதம்.

இனி, பலரும் படிக்காமலே கையெழுத்திடும் தாள்: திருப்பிச் செலுத்தும் ஒப்பந்தம். முதல் 12 மாதங்களில் வாங்கும் ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதக் கடன் ஏறும். பதின்மூன்றாம் மாதத்திலிருந்து அதே பயிற்சியே கடனைக் கழிக்கும். எட்டாம் மாதம் முடிந்து விலகினால் எட்டு மாதம் பாக்கி. பன்னிரண்டாம் மாதம் முடிந்து விலகினால் பன்னிரண்டு, இருப்பதிலேயே மோசமான நாள் அதுதான். பதினெட்டில் ஆறு, இருபத்து நான்கில் பூச்சியம். பாக்கியை ஆய்வு, கற்பித்தல் போன்ற பணியால் தீர்க்கலாம். வாரத்துக்குச் சராசரி 20 மணி நேரமாவது வேண்டும், விலகிய இரண்டு ஆண்டுக்குள் தொடங்க வேண்டும். தவறினால் வட்டியோடு பணமாகக் கட்ட வேண்டியதுதான். ஓராண்டுதான் தங்கப்போகிறேன் என்று முன்பே தெரிந்தவர், அடுத்த வேலை எதுவென்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுவது நல்லது.

மேல்வரம்பும் ஒன்று உண்டு. எஃப்32 போன்ற தனிநபர் ஃபெலோஷிப்பையும் சேர்த்து, இந்த வகைப் பணம் மொத்தம் மூன்று ஆண்டுகளே. அதன்பின் நோயாளிகளைக் கொண்டு ஆய்வு செய்பவர்கள் வழக்கமாகக் குறிவைப்பது கே23 என்ற என்.ஐ.எச். மானியம். ஜூன் 12-இல் விண்ணப்பித்தால், எல்லாம் சரியாக நடந்தாலும் பணம் அடுத்த ஏப்ரலில்தான். நிராகரித்தால் மார்ச் 12-இல் மறுபடி அனுப்பி, செப்டம்பர் அல்லது டிசம்பர் வரை காத்திருக்க வேண்டும். ஆகக்கூடிப் பதினெட்டு மாதம். இரண்டாண்டுப் பயிற்சியில் இருப்பவர் ஆறாம் மாதமே விண்ணப்பத்தை அனுப்பினால்தான் இடைவெளி விழாது. ஆறாம் மாதத்தில் பலருக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியே வந்திருக்காது. ஆகவே, வழிகாட்டியிடம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் நோயாளித் தரவை வைத்து முதல் முடிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். புதிய தரவு மறுவிண்ணப்பத்துக்கு உதவும்.